தேக்காவில் ஆயிரம் பேரைக் கேட்டாலும் போதாது, ஏன்?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை விழுக்காட்டினர் பிள்ளைகளிடம் பெரும்பாலும் தமிழில் பேசுகிறார்கள் என்று புள்ளியியல் பாடத்துக்காக எங்கள் குழு ஆராயப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் நின்று கேட்பது, வாட்ஸ்அப் குழுக்களில் படிவம் அனுப்புவது என்று திட்டம். விரிவுரையாளரோ, "மாதிரி எடுக்கும் முறை என்ன, மாதிரிப் பரவல் என்ன?" என்று கேட்கிறார். ஒரே ஒரு முறைதானே கேட்கப்போகிறோம், அதற்கு ஏது பரவல்? எத்தனை பேரைக் கேட்டால் சரியாக இருக்கும்?

பதில்: பரவல் என்பது உங்கள் கையில் இருக்கும் ஒரு மாதிரிக்கு உரியது அல்ல. அதே முறையில் எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அத்தனை மாதிரிகளின் விடைகளுக்கும் உரியது.

எக்செலில் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. உண்மையான விடை 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நெடுவரிசையில் 100 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சமவாய்ப்பு எண் (RAND தருவது) 0.4-க்குக் குறைவாக வந்தால் 1, இல்லையென்றால் 0. அவற்றின் சராசரிதான் உங்கள் ஆய்வின் முடிவு. அந்த நெடுவரிசையை ஐந்நூறு முறை பிரதி எடுத்தால், ஐந்நூறு குழுக்கள் தனித்தனியாக ஆய்வு நடத்தியது போலாகிவிடும். ஒரு குழுவுக்கு 36, இன்னொன்றுக்கு 43, வேறொன்றுக்கு 47. எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டால் 40-ஐச் சுற்றி மணி வடிவம் தெரியும். அதுதான் மாதிரிப் பரவல். அதன் திட்டவிலக்கத்துக்கு, அதாவது விடைகள் நடுவிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவுக்கு, திட்டப் பிழை என்று பெயர். இங்கே 0.4-ஐ 0.6-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 4.9 விழுக்காட்டுப் புள்ளி. நூற்றில் ஏறக்குறைய 95 குழுக்களின் விடை, 40-க்கு இருபுறமும் இரண்டு திட்டப் பிழை தூரத்துக்குள், அதாவது 30-க்கும் 50-க்கும் இடையில் விழும். அந்த 10 புள்ளிதான் பிழை வரம்பு. நீங்கள் எடுப்பது ஒரே ஒரு மாதிரிதான் என்றாலும், அது எவ்வளவு தள்ளிப்போயிருக்கலாம் என்று சொல்ல முடிவது இந்தப் பரவலால்தான்.

தேர்வில் பலர் மதிப்பெண் இழக்கும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. மாதிரி பெரிதானால் தரவு மணி வடிவம் ஆகிவிடும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆகாது. பதில் 'ஆம்', 'இல்லை' என்றால் லட்சம் பேரைக் கேட்டாலும் வரைபடத்தில் இரண்டு கம்பங்கள்தான். மணி வடிவத்தை நெருங்குவது மாதிரிச் சராசரிகளின் பரவல். மைய எல்லைத் தேற்றம் சொல்வது அதை மட்டும்தான்.

இதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்கள். 2015 பொதுத்தேர்தலிலிருந்து தேர்தல் துறை மாதிரி எண்ணிக்கையை வெளியிடுகிறது. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் வாக்குச்சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகளை, அங்கிருக்கும் வேட்பாளர்களும் முகவர்களும் பார்க்க, எடுத்து எண்ணுவார்கள். பிறகு அந்த நிலையத்தில் பதிவான வாக்குகளுக்கு ஏற்ப எடை கொடுத்துக் கூட்டுவார்கள். கூட்டத்தைப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சமவாய்ப்பாக எடுப்பதைப் பாடநூல் அடுக்கு மாதிரி என்கிறது. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை: ஒவ்வொரு நிலையமும் ஓர் அடுக்கு. 95 விழுக்காட்டு நம்பிக்கையில் பிழை வரம்பு 4 விழுக்காட்டுப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது துறை தரும் விளக்கம். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னத்துக்கு மாதிரி எண்ணிக்கை 70 விழுக்காடு காட்டியது, இறுதி முடிவு 70.4. மற்ற இருவருக்கும் 16, 14 என்று காட்டியது 15.7, 13.9 என்று முடிந்தது. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள், நிலையத்துக்கு 100 சீட்டு என்றால் லட்சத்தைத் தாண்டிவிடும். துறை சொல்லும் வரம்பு 4 என்றாலும், அவ்வளவு பெரிய மாதிரியில் தற்செயலாக வரும் பிழை ஒரு புள்ளியைக்கூடத் தொடாது. ஆனால் 2011 அதிபர் தேர்தல் போல 35.20-க்கு 34.85 என்று முடிந்தால் அந்தத் துல்லியமும் பத்தாது. எல்லாச் சீட்டையும் எண்ணித்தான் ஆகவேண்டும்.

இப்போது தேக்காவுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே வருபவர்களில் வெளிநாட்டு ஊழியர்கள் பலர், அவர்களின் குடும்பம் இங்கே இல்லை. மீதிப் பேரில், பொங்கோலில் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேரங்காடியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும் குடும்பத்தைவிட, முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் வாங்க ரயிலேறி வரும் குடும்பம் வீட்டில் தமிழ் பேச வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். ஊகம் சரியா இல்லையா என்பதை உங்கள் தரவை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது, சிக்கலே அதுதான். தேக்காவுக்கு வரும் குடும்பங்களில் 60 விழுக்காடு தமிழ் பேசுகிறது என்று வைத்துக்கொண்டு, எக்செலில் 0.4-க்குப் பதில் 0.6 போடுங்கள். மணி இப்போது 60-ஐச் சுற்றி நிற்கும். 100 பேருக்குப் பதில் 1,000 பேர் என்றால் 57-க்கும் 63-க்கும் இடையில் ஒடுங்கிவிடும். உண்மையான 40 அந்தப் பக்கமே இல்லை. கூடுதல் ஆட்களைக் கேட்டால் மணியின் அகலம்தான் குறையும், அதன் நடு நகராது. நடு எங்கே என்பதைத் தீர்மானிப்பது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை.

வாட்ஸ்அப் படிவத்திலும் இதே கதைதான். தமிழில் அக்கறை உள்ளவர்தான் முதலில் நிரப்புவார். வயதுவாரியாக இத்தனை பேர் என்று பங்கு பிரித்துக்கொண்டு தேக்காவில் நின்றாலும் அது அடுக்கு மாதிரி ஆகாது, ஒதுக்கீட்டு மாதிரிதான். அடுக்குக்குள் சமவாய்ப்பு வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கதவு கதவாகத் தட்டலாமா? புளோக்குகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அவற்றில் எல்லா வீடுகளையும் கேட்பது கொத்து மாதிரி. முறை நல்லதுதான், ஆனால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்போரில் இந்தியர் ஏறக்குறைய 9 விழுக்காடு. 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் ஓர் இனத்தின் பங்குக்கு வரம்பு வைக்கிறது. அதனால் ஒரே இடத்தில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் கிடைக்க மாட்டா. நூறு தமிழ்க் குடும்பங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும். கதவு எண்ணி எட்டாவது வீடு, பதினாறாவது வீடு என்று போகும் முறைசார்ந்த மாதிரியிலும் ஒரு பொறி உண்டு. தளத்துக்கு எட்டு வீடுகள் உள்ள புளோக்கில் அப்படிப் போனால் 05-08, 06-08, 07-08 (தளம், வீட்டு எண்) என்று செங்குத்தாக ஒரே வரிசைதான் வரும். பெரும்பாலும் எல்லாமே ஒரே அளவு வீடுகளாக இருக்கும்.

என் யோசனை, கேள்வியைச் சுருக்குங்கள். சிங்கப்பூர் முழுவதையும் விட்டுவிட்டு, பட்டியல் கிடைக்கக்கூடிய ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியின் தமிழ் மன்ற உறுப்பினர்களின் குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மன்றத்தின் ஒப்புதலோடு உறுப்பினர்களுக்கு வரிசை எண் கொடுத்து, கணினியில் சமவாய்ப்பு எண் எடுத்து, வந்தவர்களை மட்டும் கேளுங்கள். பதில் தராதவர்களை இரண்டு மூன்று முறை துரத்துங்கள். அவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தவரைச் சேர்க்காதீர்கள். முடிவு அந்த மன்றத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று அறிக்கையில் எழுதுங்கள். தேக்காவைத்தான் பிடித்திருக்கிறது என்றால் போங்கள், ஆனால் இது வசதி மாதிரி, அதாவது கைக்கு எட்டியவர்களைக் கேட்டது என்று வெளிப்படையாக எழுதி, பிழை வரம்பு எதுவும் போடாமல் விடுங்கள்.

எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எளிது. சமவாய்ப்பு மாதிரியில் 100 பேருக்குப் பிழை வரம்பு அதிகபட்சம் ஏறக்குறைய 10 புள்ளி, 400 பேருக்கு 5, ஆயிரம் பேருக்கு 3. பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். மொத்தக் கூட்டம் மாதிரியைவிட மிகப் பெரியதாக இருந்தால் அதன் அளவு கணக்கில் வராது. சிறியதாக இருந்தால் உங்களுக்கு லாபம்: பட்டியலில் 250 பேர் இருந்து 100 பேரை எடுத்தால் அந்த 10 ஏறக்குறைய 7.6 ஆகிவிடும். உங்கள் பாடத்துக்கு அது தாராளம்.