ஆம்பூரிலிருந்து காட்பாடி வந்தவருக்கு: "முந்தைய இருப்பிடம்" எது?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மூணு வருஷம், நடுவில் ரெண்டு மாசம் பெங்களூரு, இப்போ எட்டு மாசமா காட்பாடி. தொழிலாளர் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் முந்தைய இருப்பிடம்னு எதைச் சொல்வது என்று கேட்டிருந்தீங்க.

ஆம்பூர்தான் சார். இந்த பி.எல்.எஃப்.எஸ் (மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு) கணக்கில் ஆறு மாச விதி ஒண்ணு இருக்கு. தொடர்ந்து ஆறு மாசமாவது இருந்த இடம், இல்லேன்னா அவ்வளவு நாள் இருக்கணும்னு நினைச்சு வந்த இடம், அதுதான் வழக்கமான இருப்பிடம். இப்போ இருக்கிற ஊருக்கு முன்னாடி அப்படி இருந்த கடைசி இடம்தான் முந்தைய இருப்பிடம். பெங்களூருக்குச் சும்மா வேலை தேடிப் போய்த் திரும்பினதா எழுதியிருக்கீங்க, அதனால அது சேராது. பிறந்த ஊர், ரேஷன் கார்டு முகவரி எதுவும் இதுக்கு வேண்டாம்.

"ஒரே மாவட்டம்தானே"ன்னு உங்கம்மா சொன்னாங்களாமே, அங்கேதான் எல்லாரும் சறுக்குவோம். 2019-இல் வேலூரை மூணாப் பிரிச்சப்போ ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. "வேற மாவட்டம், நகரம்"னு சொல்லுங்க. எங்க பாட்டி இன்னும் பழைய வட ஆற்காடு மாவட்டம்னுதான் சொல்லும். அது 1989-லயே ரெண்டாயிடுச்சு!

ஊரில் இருக்கிற தம்பியை உங்க வீட்டுக் கணக்கில் சேர்க்காதீங்க. ஒண்ணா இருந்து ஒரே சமையலில் சாப்பிடுறவங்கதான் ஒரு வீட்டுக் கணக்கு; அவர் சாப்பாடு அங்கேதானே?