கேபினட் பட்டறைக்கு கேட் (CAD, கணினியில் வரைவது) வரைபட முறையை எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு ஆர்டரையும் ஆட்டோகேடில் புதிதாக வரைகிறோம், ஆனாலும் அளவு தப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளை மாற்றும் முன் பலகையின் தடிமனைப் பாருங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் வெளியே 1, உள்ளே 0.8 மி.மீ. லேமினேட் ஒட்டினால் 19.8 ஆகிவிடும். 600 மி.மீ. அகல கேபினட்டுக்கு, இரண்டு பக்கப் பலகைக்கும் 18 வீதம் கழித்து, அடிப்பலகையை 564 என்று வரைந்திருப்பீர்கள். உண்மையில் வேண்டியது 560.4. அப்படியே வெட்டிக் கோத்தால் ஒரு பெட்டிக்கு 3.6 கூடும். ஐந்து பெட்டி வரிசையாக வந்தால் 18 மி.மீ., கடைசிப் பெட்டி சுவருக்குள் நுழையாது!

அதனால் அடிப்பெட்டி, மேல்பெட்டி, டிராயர் பெட்டி மூன்றையும் டைனமிக் பிளாக்காக (அளவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தக்கூடிய ஆட்டோகேட் வரைபடத் துண்டாக) ஒருமுறை செய்து வையுங்கள். தடிமனை ஓரிடத்தில் மாற்றினால் மற்ற அளவெல்லாம் தானாக மாற வேண்டும். இதற்கு ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை. பிளைவுட் லாட் மாறும்போதெல்லாம் வெர்னியர் அளவுகோலால் தடிமனை அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். 18 என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

அப்புறம் கட்லிஸ்ட், அதாவது வெட்ட வேண்டிய பலகைகளின் பட்டியல். அதில் நீளம், அகலத்தோடு மர ரேகை ஓடும் திசையும் எட்ஜ் பேண்ட் (விளிம்பில் ஒட்டும் பட்டை) வரும் பக்கமும் இருக்கட்டும். திருத்தம் வந்தால் தாளில் புதுத் திருத்த எண் போட்டு, ஆசாரியிடம் இருக்கும் பழைய தாளை நீங்களே கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள்.