ஆவுளியா வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

பாக் விரிகுடா கரையில் ஆவுளியாவைக் காப்பாற்றச் சொல்லி ஒன்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களைத் தருகிறேன்.

அக்கா, ஆவுளியா என்பது கடல் பசுதானே? அதற்கு ஏன் இவ்வளவு அவசரம்?

கடல் பசுதான். கடலடியில் வளரும் புல்லை மேய்ந்து வாழ்கிறது, ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை. அந்தப் புல்லை இங்கே தாழை என்பார்கள். வயிற்றில் குட்டியைச் சுமப்பது 13, 14 மாதம். ஈனுவது ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று வருடமாவது ஆகும், ஏழு வருடம்கூட ஆகலாம். 70 வயது வரை வாழக்கூடிய உயிர்தான். ஆனால் ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சீனக் கடலில் அநேகமாக அற்றே போய்விட்டது என்று 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் கடலுக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது.

கடலில் வாழ்கிற பிராணி வலையில் மாட்டினால் ஏன் சாகிறது?

அதற்கும் நம்மைப் போல நுரையீரல்தான். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். அடியில் போட்ட திருக்கை வலையில் சிக்கிக்கொண்டால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துவிடும். அந்த நேரத்தில் காப்பாற்ற முடிந்தவர் வலைக்காரர் ஒருவர்தான். வனத்துறையோ நானோ போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு விடியற்காலையில் எனக்கு போன் வந்தது. நான் கரைக்கு ஓடினபோது படகு வந்துவிட்டது. ஆவுளியா சுற்றிச் சுற்றி முறுக்கின வலையைக் கத்தியால் அறுத்து விட்டிருந்தார் ஓர் அண்ணன். உள்ளங்கை முழுக்கக் கீறல். குட்டி ஒன்று கூடவே சுற்றிக்கொண்டிருந்ததாம். தாய் விடுபட்டதும் குட்டி அதன் துடுப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அப்புறம் அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு, "ஆவுளியா பொழச்சிருச்சு தங்கச்சி, என் பாடு போச்சு" என்றார். அந்த வலைக்கு உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஐந்து மாதம் நடந்தோம். அந்த ஐந்து மாதமும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மனு எழுதுவதும், திரும்பத் திரும்பப் போய் நிற்பதும்தான் இந்த வேலையில் பாதி. மேடைப் பேச்சு கொஞ்சம்தான்.

காப்பகம் அறிவித்துவிட்டார்களே, இனி என்ன வேலை இருக்கிறது?

அறிவித்தது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. 2022 செப்டம்பரில் தமிழக அரசு இந்தியாவின் முதல் கடல் பசு காப்பகத்தை அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர். ஆனால் கடலில் வேலி கிடையாது. "இனி எங்களை விடமாட்டாங்களா?" என்று கேட்ட நாட்டுப்படகுக்காரர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு ஒரு வருடம் போனது. தாழையை அடியோடு வாரிக்கொண்டு போகும் இழுவை மடி வலையால் அவர்களுக்கும் நஷ்டம்தான். நண்டும் இறாலும் குஞ்சாக வளர்வது அந்தப் புல்லில்தான். அதை முதலில் எனக்குச் சொன்னதே அவர்கள்தான்.

பெரியவர்கள் "அந்தக் காலத்தில் ஆவுளியா கறி சாப்பிட்டோம்" என்றால் என்ன சொல்வது?

கடிந்துகொள்ளாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். எங்கே பார்த்தார்கள், எந்த மாதத்தில், குட்டியோடா என்று கேட்டால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரம் கிடைக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் ஆவுளியா இருக்கிறது, கொன்றால் குறைந்தது மூன்று வருடச் சிறை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மிரட்டினால் அடுத்த முறை செத்து மிதப்பதைக்கூட உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

கடல் உயிரியல் படித்திருக்க வேண்டுமா?

படித்தால் நல்லது. பரங்கிப்பேட்டை, தூத்துக்குடியில் படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் படித்தது தமிழ் இலக்கியம். சம்பளத்தைப் பொறுத்தவரை, திட்டம் இருக்கும் வரைதான் வரும். வீட்டில் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பெண்ணாக இருந்துகொண்டு கரையில் வேலை செய்ய முடியுமா?

தாராளமாக. நண்டு வலை கழற்றும் அக்காமார் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு நண்டு கழற்றுங்கள். எந்த வலையில் என்ன மாட்டியது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

ஆவுளியாவைப் படம் பிடித்தால் வெளியிடலாமா?

இடத்தைச் சொல்லாமல் வெளியிடுங்கள். சொன்னால் மறுநாளே வேடிக்கை பார்க்கப் படகுகள் போய்விடும்.

முதல் நாள் ஊருக்குள் போனதும் என்ன பேசுவது?

"பாடு எப்படிண்ணே?" என்று, அதாவது மீன் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள், போதும். ஆவுளியா பேச்சு அவர்களாகவே எடுக்கும்வரை நீங்கள் எடுக்க வேண்டாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். ஏலம் முடிந்துவிட்டால் கரையில் ஆள் இருக்காது.