கிணற்றில் கிருமி இருக்கிறது, சரி. யாருடைய கிருமி?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. கொல்லைக்குப் பின்னால் கழிவுநீர் சுத்திகரிப்புக் குட்டைகள் வந்து நான்கு வருடம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் குட்டை நிரம்பி வழிந்தது. அப்புறம் என் ஆத்தாவுக்கும் மகனுக்கும் டைஃபாய்டு. கிணற்றுத் தண்ணீரில் ஈ.கோலை இருப்பதாகச் சோதனையில் வந்திருக்கிறது. இரண்டு வருடமாக மனு கொடுத்தும் பயனில்லை. 25 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: பொறியாளர் "மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்" என்றாரா, விடுங்கள் அம்மா. கவுன்சிலர் போனை எடுக்காததையும் விடுங்கள். உங்கள் ஆறு பக்கக் கடிதத்தில் வழக்கின் தலையெழுத்தை முடிவு செய்யும் வரி ஒன்றுதான். அதை ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "கிணற்றை ஒட்டித்தான் எங்கள் பழைய கக்கூஸ் குழி."

தண்ணீரில் ஈ.கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது குட்டையிலிருந்து வந்ததா, உங்கள் குழியிலிருந்து வந்ததா என்று அந்த அறிக்கை சொல்லாது. குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். ஆகவே கிணறு குடிக்க ஆகாது என்பது மட்டும் உறுதி. டைஃபாய்டுக்கு நீங்கள் வைத்திருப்பதும் வைடால் சோதனைச் சீட்டுதான்; அது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை இல்லாத வைடாலை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

இதே நிலையில் என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுப் போட்டோம். வழக்கம்போல ஆய்வுக் குழு அமைத்தார்கள். குழு வந்தது நல்ல வெயில் காலத்தில். இந்தக் குட்டைகளில் கிருமி சாவதே வெயிலாலும், தண்ணீர் பல நாள் தேங்கி நிற்பதாலும்தான். கொள்ளளவுக்கு மேல் கழிவுநீர் வந்தாலோ மழையில் வழிந்தாலோ அந்த நாட்கள் குறைந்து கிருமி உயிரோடு வெளியேறும். வெயில் காலத்தில் அப்படி எதுவும் இல்லை. வெளியேறும் நீரில் மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி வகை) 100 மில்லிக்கு 1000-க்குள் இருக்க வேண்டும் என்பது 2017-ம் வருட அறிவிக்கை. அன்று அதற்குள்தான் இருந்தது. அடுத்து, குழுவினர் டேப்பைப் பிடித்து அவர் வீட்டுக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டார்கள். வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. போதாக்குறைக்குக் குழியைச் சரிசெய்யச் சொல்லி அவருக்கே நோட்டீஸ் வந்தது.

அதனால் முதலில் உங்கள் குழியை மாற்றுங்கள். பில், போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டு, சில வாரம் கழித்துச் சோதியுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும். குட்டையின் மேட்டுப் பக்கமும் பள்ளப் பக்கமும் உள்ள கிணறுகளிலும் அதே நாளில் எடுங்கள். சுத்தமான கிணறு அடுத்த மழையில் குட்டை வழிந்த பிறகு கெட்டால், மேட்டுக் கிணறு கெடாமல் இருந்தால், அப்போதுதான் உங்கள் கையில் ஒரு வழக்கு இருக்கிறது.

கெடு விஷயம்: குட்டையைச் சரிசெய்ய உத்தரவு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். அதற்கு மேல் 60 நாள் வரை மன்னிக்கலாம். கலெக்டருக்கு எத்தனை மனு கொடுத்தாலும் அந்தக் கெடு நீளாது. நஷ்டஈட்டுக்கு ஐந்து வருடம் உண்டு. கட்டணம், நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது உங்களுக்கு 25,000 ரூபாய்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், 25 லட்சத்தை மறந்துவிட்டுப் பேசி முடியுங்கள். வீட்டுக்குக் குழாய்க் குடிநீர் இணைப்பு, குட்டைக் கரையை உயர்த்துவது, வழியும் நீர் ஊருணிப் பக்கம் போகாமல் வாய்க்கால். இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நஷ்டஈட்டுப் பேச்சை எடுத்த மறுநிமிடமே அதிகாரிகள் பேச்சை நிறுத்திவிட்டு வக்கீலைத்தான் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று. வீட்டு மதிப்பு குறைந்தது என்று கேட்க நினைத்தால், அந்த வளவு இன்னும் எத்தனை பங்காளிகள் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சொத்துக்கு நஷ்டம் கேட்க வேண்டியவர் சொத்தின் உரிமையாளர். சிங்கப்பூரில் இருப்பவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டிவரும்.