ஏரி என்று நம்பிப் போகாதீர்கள்

கேள்வி: நாங்கள் மினியாபொலிஸ் பக்கம் இருக்கிறோம். இந்த வருடம் என் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார்கள். அவர்களையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் (11 வயது, 6 வயது) கூட்டிக்கொண்டு சுப்பீரியர் ஏரிக்கரைக்குப் போகலாம் என்று திட்டம். நான்கு நாளில் ஏரியை முழுசாகச் சுற்றி வருவது, தினமும் கூடாரத்தில் தூங்குவது, நடுவில் ஒரு நாள் கயாக் (துடுப்புப் போடும் சின்னப் படகு) என்று என் கணவர் அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு. அம்மா சுத்த சைவம். "ஏரியைப் பார்க்கவா இத்தனை தூரம்? நம்ம ஊர்ல இல்லாத குளமா?" என்று போனிலேயே கேட்டுவிட்டார். ஜூலை நடுவில் கிளம்ப எண்ணம். எல்லாரும் சண்டையில்லாமல் வீடு திரும்ப வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மினசோட்டா

பதில்: அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கணவரின் அட்டவணையில் இருக்கும் கோளாறும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேருமே அதை ஏரி என்று நம்புகிறார்கள்.

சுப்பீரியரின் பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கையை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் மிஞ்சும். மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். அலை உண்டு, மூடுபனி உண்டு, கப்பல் மூழ்கிய கதைகள் உண்டு. உப்பு மட்டும்தான் இல்லை. அந்தக் கரையின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் அதை 'கிச்சிகாமி' என்பார்கள். பெருங்கடல் என்று பொருள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம், "குளம் இல்லம்மா, கரை தெரியாத கடல், ஆனா குடிச்சா இனிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து, சுற்றி வரும் யோசனை. ஏரியைச் சுற்றும் சாலை ஏறத்தாழ 1,300 மைல். நான்கு நாளுக்குப் பிரித்தால் தினமும் முன்னூறு மைலுக்கு மேல். ஆறேழு மணி நேரம் காரில் மடங்கிய முழங்காலோடு உட்கார்ந்துவிட்டு, இரவு தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னால் உங்கள் அப்பா வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தத் தலைமுறை அப்படி. மறுநாள் காலை எழுந்திருக்கும்போதுதான் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சாலையில் ஒரு பெரிய பகுதி கனடாவுக்குள் போகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். கணவரிடம் இந்த விசா விஷயத்தை முதலில் சொல்லுங்கள். வேறு எந்த வாதமும் தேவைப்படாமல் போகலாம்.

நான் சொல்வது இதுதான்: ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுக ஊரான டுலூத்திலிருந்து டெட்டகூச் மாநிலப் பூங்கா வரைக்கும் உள்ள அறுபது மைல் கரை போதும். அதிலும் ஒரே இடத்தில் தங்குங்கள். டூ ஹார்பர்ஸ், சில்வர் பே என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவில், சமையலறையோடு ஒரு கேபின். மூன்று இரவும் அங்கேயே. தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதைப் போலப் பெரியவர்களைக் களைக்க வைப்பது வேறு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை கிளம்பாதீர்கள். மினியாபொலிஸ் மொத்தமும் அன்றைக்குத்தான் அந்தச் சாலையில் இருக்கும். ஞாயிறு மதியம் போய் புதன்கிழமை திரும்புங்கள். வாடகை குறையும், வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும்.

ஜூலை நடுவில் வேண்டாம். கொசுவும் கடி ஈயும் அப்போது உச்சத்தில் இருக்கும், ஏரித் தண்ணீரும் இன்னும் விறைப்பாகவே இருக்கும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஆகஸ்ட் கடைசி வாரம்தான் என் தேர்வு. அப்பா அம்மா ஆறு மாதம் இருப்பதால் செப்டம்பர் கடைசியில் இலை நிறம் மாறும்போது ஒரு நாள் மட்டும் மறுபடி போய்விட்டு வரலாம். அந்த வாரங்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

சரி, குளிர். நான் முதல் தடவை போனபோது ஜூலை, ஊரில் 33 டிகிரி வெயில். அரைக்கை சட்டையோடு கிளம்பினோம். டுலூத்துக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலை ஒரு மேட்டின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து ஏரியை நோக்கி இறங்கும். இறங்கி முடிப்பதற்குள் காரின் முகப்பில் 14 டிகிரி என்று காட்டியது. கரையோரக் கடை ஒன்றில் எல்லாருக்கும் தலைமூடி வைத்த கம்பளிச் சட்டை வாங்கினோம், இருந்தது ஒரே நிறம்தான். அந்தப் பயணத்தின் எல்லாப் படங்களிலும் நாங்கள் ஏதோ பள்ளிக்கூடச் சுற்றுலா வந்தவர்கள் மாதிரி நிற்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் வானிலை பேசும்போது 'ஏரிப் பக்கம் குளிர்ச்சி' என்று ஒரு வாக்கியத்தைச் சேர்க்காமல் முடிக்க மாட்டார்கள். அது சம்பிரதாயம் இல்லை, எச்சரிக்கை.

இனி கயாக். இதில் நான் கண்டிப்பானவள், மன்னிக்கவும். நிலத்திலிருந்து ஏரி பக்கமாகப் பலமாகக் காற்று வீசினால், மேலே இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அது தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து பனிக்கட்டிக்குக் கொஞ்சம்தான் மேலே என்று சொல்லத்தக்க தண்ணீர் ஏறி வரும். நேற்றுப் பிள்ளைகள் கால் நனைத்து விளையாடிய இடம் இன்று தொட முடியாமல் இருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அப்போது தண்ணீர் குடித்துவிடுவார். அதைச் சமாளித்தாலும் பத்து நிமிடத்துக்குள் விரல்கள் சொன்னபடி கேட்காது. உடல் உறைந்து போவதெல்லாம் அதற்கப்புறம். அதனால் உயிர்காப்பு உடுப்பைப் படகுக்குள் வைத்திருப்பது போதாது, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

உங்கள் கணவரும் பெரிய பிள்ளையும் போகட்டும். ஆனால் வழிகாட்டியோடு, காலை நேரத்தில், குளிர்த்தண்ணீருக்கான ரப்பர் உடையும் கடல் கயாக்கும் அவர்களே தருகிற இடத்தில் மட்டும். எந்த வயது முதல் ஏற்றுவார்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். காற்று மாறிவிட்டது, இன்றைக்கு இல்லை என்று வழிகாட்டி சொன்னால் வருத்தப்படாதீர்கள், அவரை நம்பலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறு வயதுக்காரருக்குக் கரையிலிருந்து உள்ளே தள்ளி நூற்றுக்கணக்கில் சின்ன ஏரிகள் இருக்கின்றன. அங்கே துடுப்புப் போடட்டும்.

அப்பாவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்தப் பயணத்தில் அதிகம் கொடுத்து வைத்தவர் அவர்தான். முதல் நாள் மதியத்தை முழுக்க டுலூத்தின் கால்வாய்க்கரைக்கு ஒதுக்குங்கள். 1905-இல் கட்டிய ஒரு பாலம் அங்கே இருக்கிறது. முதலில் தொங்குகிற பெட்டியில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு நகர்த்திக்கொண்டிருந்தது. பிறகு பாலத்தின் நடுத்தளமே மேலே எழும்பும்படி மாற்றினார்கள். கப்பல் ஊதும், பாலம் பதிலுக்கு ஊதும், தளம் மேலேறும், ஆயிரம் அடி நீளக் கப்பல் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில் நகர்ந்து போகும். ஏரிகளுக்குள்ளேயே ஓடும் கப்பலை 'லேக்கர்' என்றும் கடலிலிருந்து வருவதை 'சால்ட்டி' என்றும் சொல்வார்கள். ஆமாம், கடலிலிருந்துதான். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்ததிலிருந்து அட்லாண்டிக் கப்பல் 3,700 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்து இங்கே தானியம் ஏற்றுகிறது. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு என்கிற பட்டியலைக் கால்வாய் ஓரத்துக் கடல்சார் மையத்தில் பார்க்கலாம், அனுமதி இலவசம். பட்டியலை அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே ஒரு பெஞ்சும் ஒரு காபியும் இருந்தால் அவர் முழங்காலை நினைக்கவே மாட்டார். அது போதாதென்றால் டூ ஹார்பர்ஸில் இரும்புத்தாது ஏற்றும் துறை இருக்கிறது, கேபினிலிருந்து பக்கம்தான்.

மற்ற இடங்களைக் கரையோரமாகப் போகும் 61-ஆம் எண் சாலையின் மைல்கல்லை வைத்துத்தான் அங்கே சொல்வார்கள். 39-ஆம் மைல் என்றால் கூஸ்பெரி அருவி. நடு அருவி வரைக்கும் நல்ல தளம் போட்ட பாதை, அப்பா மெதுவாக நடந்தே போய்விடலாம். 46-ஆம் மைலில் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம். 1905 நவம்பர் புயலில் ஏகப்பட்ட கப்பல்கள் அடிபட்டதை அடுத்துக் கட்ட முடிவெடுத்து, 1910-இல் விளக்கேற்றினார்கள். அப்போது அந்தப் பக்கம் சாலையே கிடையாது. செங்கல் முதல் கண்ணாடி வரை எல்லாம் கப்பலில் வந்து, நூற்றிருபது முப்பது அடி செங்குத்துப் பாறைக்கு மேலே பாரந்தூக்கி வைத்து ஏற்றியிருக்கிறார்கள். 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தாதுக்கப்பல் 29 பேரோடு மூழ்கியது. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் இந்த விளக்கை ஏற்றுகிறார்கள். இதை அப்பாவுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை, துறைமுகத்தில் இருந்தவருக்குத் தெரியும். ஆனால் விளக்கிலிருந்து கரைக்கு இறங்கும் படிகள் 170-க்கு மேல். "இறங்கிடுவேன்" என்பார். ஏறுவதும் அதே படிதான் என்று நினைவூட்டுங்கள்.

கூஸ்பெரிக்கும் ஸ்பிளிட் ராக்குக்கும் நடுவில் ஐயோனாஸ் கடற்கரை என்று ஒன்று இருக்கிறது, நிறையப் பேர் நிற்காமல் போய்விடுவார்கள். அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள். கரை முழுக்க இளஞ்சிவப்புத் தட்டைக் கற்கள். அலை வந்து திரும்பும்போது அவை ஒன்றோடொன்று உரசி, கண்ணாடி வளையல் குலுங்குவது போலச் சத்தம் எழுப்பும். காற்றில்லாத நாளில் கேட்காது, அதனால் கொஞ்சம் அலை இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சின்னவர் பையில் கல் நிரப்பப் பார்ப்பார். அங்கேயும் மாநிலப் பூங்காக்களிலும் எடுக்கக் கூடாது. 110 கோடி வருடங்களுக்கு முன்னால் இந்தக் கண்டம் நடுவில் பிளக்கப் பார்த்தபோது வழிந்த எரிமலைக் குழம்புதான் இந்தப் பாறைகள் என்று சொல்லுங்கள், அந்த வயதில் கல்லைவிடக் கதை நன்றாக ஒட்டிக்கொள்ளும். சில்வர் பேயில் கறுப்பு மணல் கடற்கரை ஒன்றும் இருக்கிறது. அழகுதான். ஆனால் அந்தக் கறுப்பு, இரும்புத்தாது ஆலை 1955 முதல் 1980 வரை ஏரியில் கொட்டிய கழிவு. பெரியவருக்கு இதையும் சொல்லலாம், பதினொரு வயதுக்குப் புரியும்.

பாலிசேட் ஹெட் பாறைக்கு உச்சி வரை காரிலேயே போகலாம், முன்னூறு அடிக்குக் கீழே ஏரி. தடுப்புக் கம்பி கிடையாது. ஆறு வயதின் கை உங்கள் கையில் இருந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கூடாரத்தை ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள், பாவம் உங்கள் கணவர். ஒரு இரவு மட்டும் அவரும் பிள்ளைகளும் கூஸ்பெரி பூங்காவில் கூடாரம் போடட்டும், நீங்கள் மூவரும் கேபினில். மினசோட்டா மாநிலப் பூங்காக்களில் 120 நாள் முன்னதாகவே பதிவு திறந்துவிடும், நாளை எண்ணிக் காலையிலேயே உட்காருங்கள். கிடைக்காவிட்டால் கடைசி வாரத்தில் ரத்தாகும் இடங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வீட்டிலிருந்து விறகு கொண்டு போகாதீர்கள், மரத்தை அழிக்கும் வண்டு அதன் வழியாகத்தான் ஊர் மாறுகிறது. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கறுப்புக் கரடி இருக்கும் காடு, முறுக்கு டப்பா கூடக் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் வண்டிக்குள்.

சாப்பாடு: குக்கர், பருப்புப்பொடி, ஊறுகாய், உறை மோர் எல்லாம் வீட்டிலிருந்தே. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உணவகங்களில் 'வைல்ட் ரைஸ் சூப்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கோழி இருக்கும், அல்லது கோழிச்சாறாவது இருக்கும். கேட்காமல் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பதில் அந்த அரிசியை வாங்கிக் கேபினில் சமையுங்கள். உண்மையில் அது அரிசி இல்லை, ஏரிகளில் தானாக விளையும் ஒரு புல்லின் விதை. ஓஜிப்வே மக்கள் 'மனோமின்' என்பார்கள். படகில் போய், கதிரை வளைத்துக் குச்சியால் தட்டிப் படகுக்குள்ளேயே உதிர்ப்பது வழக்கம். பளபளவென்று கறுப்பாக இருப்பது வயலில் பயிரிட்டது, வேக ரொம்ப நேரம் பிடிக்கும். கையால் அறுவடை செய்தது பழுப்பாக இருக்கும், சீக்கிரம் வெந்துவிடும், விலை கூடுதல். இரண்டாவதையே வாங்குங்கள். அதற்கு மேல் தேங்காய்த் துருவலும் தாளிப்பும் போட்டு என்ன செய்வது என்று அம்மாவே கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு அவருக்குக் குளம் மறந்துவிடும்.

இருட்டுவதற்கு முன் கேபினுக்குத் திரும்பிவிடுங்கள், அந்தி நேரத்தில் மான் குறுக்கே வரும். பல இடங்களில் போன் எடுக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மாவுக்கு ஒரு கம்பளித் தொப்பியும் காலுறையும் காற்று புகாத மேற்சட்டையும். புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளத் தோதாக ஒரு அளவு பெரியதாகவே எடுங்கள். "ஆகஸ்ட் மாசத்துல இதெல்லாம் எதுக்கு?" என்பார். பதில் சொல்லாமல் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.