பக்கைத் தொடும் முன்பே

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் முன்னணித் தடுப்பாட்டக்காரரின் வேலை அவ்வளவு கடினமா?

பதில்: ரொம்பவே. 60 நிமிட ஆட்டத்தில் சுமார் 25 நிமிடம் அவர் களத்தில் இருப்பார். இறங்கினால் முக்கால் நிமிடம், அப்புறம் பெஞ்ச். 2020 ஆகஸ்டில் டாம்பா பே அணியுடனான ஆட்டம் ஐந்து கூடுதல் நேரங்களுக்கு நீண்டபோது, கொலம்பஸ் அணியின் தடுப்பாட்டக்காரர் சேத் ஜோன்ஸ் 65 நிமிடம் ஆடினார். அப்படியும் தோற்றார்கள், பாவம்.

நான் பக்கைவிட, அதாவது ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டைவிட, தடுப்பாட்டக்காரரின் தலையைத்தான் கவனிப்பேன். மூலையில் கிடக்கும் பக்கை எடுக்கப் பாய்ந்துகொண்டே, தோளுக்கு மேல் இருமுறை திரும்பிப் பார்ப்பார். எதிராளி எந்தப் பக்கம் வருகிறார்? கூட்டாளி எங்கே நிற்கிறார்? சுவரோடு தட்டிவிடுவதா, வலைக்குப் பின்னால் சுற்றுவதா? பக்கைத் தொடும் முன்பே முடிவு தயாராக இருக்கும். கால் களைத்துவிட்டால் முதலில் விட்டுப்போவது அந்தப் பார்வைதான்.