வாசகர் கேள்வி பதில்: பார்வையற்றோருக்குச் செயலி செய்யப் போகிறீர்களா?

இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் காலம் இது. இம்முறை வந்த கடிதங்களில் நிறைய, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு மொபைல் செயலி செய்வது பற்றியவை. சிலவற்றை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

கேள்வி: நாங்கள் நால்வர், கணினி அறிவியல் இறுதியாண்டு. கையில் 16 வாரம் இருக்கிறது. எதிரே உள்ள தடையைச் சொல்வது, ரூபாய் நோட்டை அடையாளம் காண்பது, அச்செழுத்தைப் படிப்பது, ஆபத்தில் செய்தி அனுப்புவது ஆகிய நான்கையும் ஒரே செயலியில் கேமரா மூலம் செய்ய நினைக்கிறோம். எப்படித் திட்டமிடுவது? (மாணவர் குழு, திருச்சி)

பதில்: நான்கில் மூன்றை இன்றே வெட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றும் இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தடையைச் சொல்லும் செயலியைப் பாருங்கள். ஒரு கையில் வெள்ளைக்கோல், மறு கையில் நெஞ்சுக்கு நேராகப் பிடித்த போன், காதில் ஓயாமல் பேசும் குரல். வண்டிச் சத்தத்தைக் கேட்க வேண்டிய காதை அடைத்துவிட்டுக் கோல் ஏற்கெனவே சொல்கிற செய்தியைத் தாமதமாகச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? இதற்கு மாணவர்கள் வழக்கமாக எடுப்பது, கோகோ என்னும் பொதுப் படத் தொகுப்பைக் கொண்டு பொருள்களை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற மாடல். அது அறிந்த 80 பொருள்களில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு. ஆட்டோவோ, சாலைப் பள்ளமோ, மூடியில்லாத சாக்கடையோ கிடையாது. மாடலுக்குத் தெரியாத பொருள் எதிரே இருந்தால் செயலி பேசாமல் இருக்கும். கேட்பவர் வழி தெளிவு என்று காலை வைப்பார்.

ரூபாய் நோட்டில் தேவை உண்மையானது. 100, 200, 500 ரூபாய் புதிய நோட்டுகள் மூன்றும் 66 மி.மீ. அகலம், நீளம் முறையே 142, 146, 150 மி.மீ. நான்கு மி.மீ. வித்தியாசத்தை விரலால் அளந்து சில்லறை வாங்குவது எளிதல்ல. ஆனால் ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி 1 அன்று 'மணி' என்ற செயலியை வெளியிட்டுவிட்டது. இணையம் இல்லாமலும் ஓடும். ஒலியாலும் அதிர்வாலும் சொல்லும். அதையே மறுபடி செய்வதற்கு உங்கள் 16 வாரம் வேண்டாம்.

உங்கள் வளாகத்துக்குள் பாருங்கள். பார்வையற்ற மாணவர் ஒருவர் தேர்வு எழுத ஸ்கிரைப், அதாவது அவர் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர், தேட வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரமாகிறது. வருபவரும் அத்தனை நேரம் உட்கார வேண்டும். ஒரு பருவத்துக்கு ஆறு தாள் என்றால் ஆறு முறை தேட வேண்டும், பத்துப் பேரையாவது கேட்க வேண்டும், கடைசி நாளில் ஒருவர் வரமுடியாமல் போனால் மறுபடி ஓட வேண்டும். தேர்வுப் பட்டியல், வேண்டுகோள், ஒப்புதல், மாற்று ஆள்: இவ்வளவுதான் செயலி. கேமரா வேண்டாம், செயற்கை நுண்ணறிவும் வேண்டாம். ஸ்கிரைப் ஆக முன்வருவோரின் எண், அதிலும் மாணவிகளின் எண், ஒப்புதல் தந்த பிறகே மறுபக்கம் தெரியும்படி வையுங்கள். யார் ஸ்கிரைப் ஆகலாம் என்ற விதியைத் தேர்வுப் பிரிவில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் 2 வாரம் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். நால்வரும் அவரவர் ஆண்ட்ராய்டு போனில், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானைப் பழகுங்கள். அதை இயக்குவதற்கு முன் குறுக்குவழியை அமைத்து, இரண்டு ஒலி விசைகளையும் சேர்த்து 3 விநாடி அழுத்தினால் அணைகிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் இயக்கியவர்கள் போன் கெட்டுப்போனதாகப் பயந்துவிடுவார்கள். வலப்பக்கம் தள்ளினால் அடுத்த உருப்படி, இருமுறை தட்டினால் தேர்வு, இரண்டு விரலால் நகர்த்தினால் பக்கம் நகரும். பிறகு டாக்பேக் மெனுவிலிருந்தே திரையை மறைத்துவிட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள், புதிய எண் ஒன்றைச் சேமியுங்கள், அலாரம் வையுங்கள்.

மூன்றாம் வாரம் பயனர்கள் நான்கைந்து பேரைச் சந்தியுங்கள். "என்ன செயலி வேண்டும்?" என்று கேட்காதீர்கள்; மரியாதைக்காக எதையாவது சொல்வார்கள். "போன தேர்வுக்கு ஸ்கிரைப் எப்படிக் கிடைத்தார்? முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். நான்காம் வாரம் குரல் ஒத்திகை. காகிதத்தில் திரையை எழுதிக்கொண்டு உங்களில் ஒருவர் டாக்பேக்காக இருந்து, பயனர் "அடுத்தது" என்று சொல்லச் சொல்ல வரிசையாக வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் அலுப்பு தட்டுகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். 5 முதல் 8 வாரத்துக்குள் இரண்டே திரையுடன் முதல் வடிவம், எட்டாம் வார முடிவில் முதல் சோதனை, 13-ஆம் வாரம் இரண்டாவது. எல்லாம் முடித்துவிட்டு 14-ஆம் வாரத்தில் காட்டலாம் என்று திட்டம் போட்டால், அவர்கள் சொல்லும் எதையும் மாற்ற அப்போது நேரம் இருக்காது.

கேள்வி: பொத்தான்களே இல்லாமல் முழுக்கக் குரல் கட்டளையில் ஓடும்படி, செயலி தானே பேசும்படிச் செய்தால் இன்னும் நல்லதுதானே? (மாணவி, மதுரை)

பதில்: இல்லை. பயனரின் போனில் ஏற்கெனவே ஒரு குரல், திரைவாசிப்பானின் குரல், இருக்கிறது. தமக்குப் பழகிய வேகத்தில், நமக்குப் பிடிபடாத விரைவில், அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் செயலி இன்னொரு குரலில் பேசினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியாது. குரல் கட்டளையைக் கூடுதல் வசதியாக வையுங்கள், ஒரே வழியாக வைக்காதீர்கள். பேருந்தில், வகுப்பில், பத்துப் பேர் நடுவே நின்றுகொண்டு தன் தேவையை உரக்கச் சொல்ல யாருக்கும் பிடிக்காது.

கேள்வி: கோட்லினில் எழுதிய செயலியை டாக்பேக்கில் ஓட்டினால் பல இடங்களில் பெயரில்லாத பொத்தான் என்று மட்டும் வருகிறது. எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்? (மாணவர், சேலம்)

பதில்: படப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்', அதாவது டாக்பேக் வாசிக்க வேண்டிய பெயர், தாருங்கள். அதில் "பொத்தான்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம். அதை டாக்பேக்கே சொல்லும், நீங்களும் எழுதினால் இருமுறை கேட்கும். படம் எப்படி இருக்கிறது என்பதை விட்டு, என்ன செய்யும் என்று எழுதுங்கள்: "பச்சை டிக்" அல்ல, "வேண்டுகோளை ஏற்கவும்". அழகுக்காக மட்டும் வைத்த படங்களை டாக்பேக் தாண்டிப்போகும்படிச் செய்துவிடுங்கள்.

பெயரைவிடப் பெரிய பிரச்சினை, தள்ளல்களின் எண்ணிக்கை. ஸ்கிரைப் செயலியையே எடுத்துக்கொள்வோம். பட்டியலில் ஒரு தேர்வுக்குத் தாள் பெயர், தேதி, நேரம், அறை எண், நிலை என்று ஐந்து துண்டு. தனித்தனியாக விட்டால் ஆறு தேர்வுக்கு 30 முறை விரலைத் தள்ள வேண்டும். ஒரு வரிசையை ஒரே உருப்படியாகச் சேர்த்தால் ஆறு முறை போதும். செயலித் திரைகளை எழுத உதவும் கருவிகளான ஜெட்பேக் கம்போஸில் 'மெர்ஜ் டிசண்டண்ட்ஸ்', ஃப்ளட்டரில் 'மெர்ஜ் செமாண்டிக்ஸ்' இதற்குத்தான். சேர்க்கும்போது வரிசையை யோசியுங்கள். "ஸ்கிரைப் கிடைக்கவில்லை, இயற்பியல், நவம்பர் 12, காலை 10 மணி" என்று முக்கியமானது முதலில் வரட்டும். பழகியவர்கள் முதல் இரண்டு சொல் கேட்டவுடன் அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

மேலும் மூன்று இடங்களில் மாணவர் செயலிகள் தவறாமல் விழுகின்றன. ஓடிபிக்கு ஆறு தனிப் பெட்டி போடுவார்கள். திருத்தப் போனால் எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று தெரியாது. ஒரே பெட்டி போடுங்கள். இடப்பக்கம் தள்ளினால் நீக்கம் என்று வைப்பார்கள்; ஒரு விரல் தள்ளலை டாக்பேக் தனக்கு எடுத்துக்கொள்வதால் அது செயலிக்கு வந்து சேராது. நீக்குவதற்குத் தனிப் பொத்தான் வேண்டும். "அனுப்பப்பட்டது, ரத்துசெய்ய இங்கே தட்டவும்" என்ற பட்டை சில விநாடியில் மறைந்துவிடும். குரல் அதை வாசித்து முடிப்பதற்குள் பொத்தான் போய்விடும்.

கூகுளின் ஆக்ஸசிபிலிட்டி ஸ்கேனரை ஒவ்வொரு திரையிலும் ஓட்டுங்கள். பெயர் இல்லாதது, 48 டிபிக்குக் (டிபி என்பது ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) குறைந்த தொடு பரப்பு, மங்கிய நிறம் ஆகியவற்றைக் காட்டிவிடும். பெயர் இருந்தும் அது தவறான பெயர் என்பதையோ, வாசிப்பு வரிசை குழம்பியிருப்பதையோ காட்டாது. அதற்குத் திரையை மறைத்துவிட்டு நீங்களே கேட்க வேண்டும்.

கேள்வி: தமிழில் பேசவும் தமிழ் அச்சைப் படிக்கவும் வைக்க முடியுமா? (பாலிடெக்னிக் மாணவர்கள், திருநெல்வேலி)

பதில்: பேசுவதில் சிரமமில்லை. கூகுளின் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரல் இருக்கிறது. அந்தக் குரல் போனில் இறக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் சோதியுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளில் எந்தத் துண்டு எந்த மொழி என்று குறியுங்கள்; ஆண்ட்ராய்டில் அதற்கு 'லொகேல் ஸ்பான்' உண்டு. "12/11" என்று தேதி போடாதீர்கள், ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும். "நவம்பர் 12" என்றே எழுதுங்கள். மு.ப., பி.ப. வேண்டாம், காலை, மாலை போதும்.

பலரும் கவனிக்காதது எழுத்துரு. கல்லூரிச் சுற்றறிக்கை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது என்றால் கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கிலமாக உளறும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே செயலியில் ஏற்றுங்கள்.

அச்செழுத்தைப் படிப்பதில்தான் பலர் சிக்குகிறார்கள். போனுக்குள்ளேயே ஓடும் கூகுளின் எழுத்தறியும் கருவியான எம்எல் கிட்டில் லத்தீன், தேவநாகரி, சீனம், ஜப்பான், கொரிய எழுத்துகள் உண்டு, தமிழ் கிடையாது. டெசராக்ட் என்னும் இலவச எழுத்தறியும் மென்பொருளில் தமிழ் உண்டு. நேராக ஸ்கேன் செய்த சுத்தமான பக்கத்தில் நன்றாக வரும், கையில் பிடித்துச் சாய்வாக எடுத்த படத்தில் பிழைகளைக் கொட்டும். சீட்டு முழுதாகக் கேமராவுக்குள் வந்ததா என்பதும் எடுப்பவருக்குத் தெரியாது. "இடப்பக்க ஓரம் வெட்டுப்படுகிறது" என்று வழிகாட்டும் பகுதியை எழுதாமல் எழுத்தறிதலை மட்டும் எழுதினால் செயலி வெற்றுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: குறைபார்வை உள்ளவர்களுக்குத் தனியாக என்ன செய்ய வேண்டும்? (மாணவி, ஈரோடு)

பதில்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையையும் குறைபார்வையையும் தனித்தனியாக வரையறுக்கிறது: நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் 3/60-க்குக் கீழே என்றால் முன்னது, 6/18-லிருந்து 3/60 வரை பின்னது. (3/60 என்றால், மற்றவர்கள் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரில்தான் காண முடியும்.) இவர்களில் பலர் திரைவாசிப்பானைத் தொடுவதே இல்லை, பெரிதாக்கிப் பார்ப்பார்கள். எழுத்தளவை, பயனர் அமைப்பில் மாற்றும்போது கூடவே மாறும் 'எஸ்பி' அலகில் கொடுத்துவிட்டு, அமைப்புகளில் எழுத்தை 200 சதவீதமாக்கிப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலத்தில் தப்பித்த பொத்தான் தமிழில் பாதியில் வெட்டுப்படும். பொத்தானுக்கு நிலையான உயரம் கொடுப்பதே காரணம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வில் 4.5:1 வேறுபாடு வேண்டும். வெள்ளையில் #777777 என்ற சாம்பல் 4.48-இல் தவறிவிடும், #767676 தேறிவிடும். பச்சை, சிவப்பை மட்டும் வைத்து நிலையைச் சொல்லாமல் சொல்லாகவும் எழுதுங்கள்.

கேள்வி: என் மாணவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்து, "வெற்றி" என்று அறிக்கை எழுதுகிறார்கள். இது போதுமா? (உதவிப் பேராசிரியர், வேலூர்)

பதில்: போதாது. கண்ணைக் கட்டிய மாணவர் தான் வரைந்த திரையை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொத்தான் கீழே வலப்பக்கம் என்று அவருக்குத் தெரியும். அதோடு அவர் டாக்பேக்குக்குப் புதியவர். வருடக்கணக்காகப் பயன்படுத்துபவரின் வேகமும் எரிச்சலும் அவருக்குத் தெரியாது.

ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பேர் போதும்: முழுதும் பார்வையற்றோர் மூவர், குறைபார்வையுள்ளோர் இருவர், டாக்பேக்குக்குப் புதியவர் ஒருவர். சொந்தப் போனிலேயே செய்யட்டும். அவர்கள் குரல், வேகம், விசைப்பலகை எல்லாம் அதில்தான் இருக்கும். ஒப்புதல் படிவத்தை முழுதாக வாசித்துக் காட்டி, சம்மதத்தை ஒலிப்பதிவாக வாங்குங்கள். போக்குவரத்துச் செலவைக் கல்லூரி கொடுக்க வேண்டும். மூன்று வேலை கொடுங்கள், உதாரணமாக "இயற்பியல் தேர்வுக்கு ஸ்கிரைப் கேளுங்கள்". உதவியின்றி முடித்தாரா, எவ்வளவு நேரம், எந்தத் திரையில் திரும்பத் திரும்பச் சுற்றினார் என்று குறியுங்கள். "அங்கே அழுத்துங்கள்" என்று சொல்லக் கூடாது. அவர் கையைப் பிடித்துத் தொடவைப்பது அதைவிட மோசம். திணறினால் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். செயலியில் திருத்த வேண்டியது அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரியும்.

பங்கேற்பாளர்களைத் தேட, சென்னைக்கு அருகில் பூந்தமல்லியில் உள்ள தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் போன்ற இடங்களுக்குக் கல்லூரிக் கடிதத்துடன், தேதிக்குப் பல வாரம் முன்பே எழுதுங்கள்.

கேள்வி: அறிக்கையில் எந்தச் சட்டம், எந்தத் தரம் குறிப்பிடலாம்? (மாணவர், தஞ்சாவூர்)

பதில்: மேலே சொன்ன 2016 சட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணுக்கம் பற்றிய 42-ஆம் பிரிவு, அதே அணுக்கத்துக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17802, இணைய உள்ளடக்க அணுக்கத்துக்கான உலகளாவிய வழிகாட்டுதலாக 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2. இணையவழி அணுக்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தந்த தீர்ப்பையும் சேருங்கள். தரத்தின் பெயரை எழுதினால் போதாது. எந்த விதியை எந்தத் திரையில் எப்படிச் சோதித்தீர்கள் என்று ஒரு அட்டவணை வேண்டும்.

கேள்வி: பிளே ஸ்டோரில் ஏற்ற என்ன வேண்டும்? (மாணவர், நாகர்கோவில்)

பதில்: ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் செயலியைப் பயன்படுத்தும் கட்டம்) இருந்த பிறகே எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும். எனவே 13-ஆம் வாரத்துக்குள் அந்தப் பன்னிரண்டு பேரையும் சேர்த்துவிடுங்கள். கணக்கை உங்களில் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காமல் துறையின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகும் அடுத்த பருவத் தேர்வு வரும். அப்போது பட்டியலைப் புதுப்பிக்க ஒருவர் உள்ளே நுழைய முடிய வேண்டும்.